மடியில் வைத்த தயிர்ச் சட்டி

பின்னேரம் ஆறேகால். கந்தளாய்க் குளக்கட்டு. தண்ணீரில் கடைசிச் சிவப்பு. றோட்டில் வேறு வாகனம் இல்லை...

விளக்கை அணைக்க வேண்டாம். திரியைக் குறைத்தால் போதும். றம்லா, பாயை இழுத்துக்கொண்டு கிட்ட வா.

இது என் சிநேகிதி குணேஸ்வரியின் மாமா சோமசேகரத்துக்கு நடந்தது. அறுபத்தெட்டாம் ஆண்டு, ஆவணி விடுமுறை. கந்தளாயில் சொந்தக்காரரின் வயல் வீட்டில் நாலு நாள் நின்றுவிட்டு, திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் ஒஸ்டின் கார், வாங்கி ஒரு மாதம். முன்னால் மாமாவும் மாமியும். பின்னால் ஒரு கதவோரம் குணேஸ்வரி. நடுவில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி. மற்றக் கதவோரம் ஆறு எருமைத் தயிர்ச் சட்டி, வாழையிலையால் வாய் கட்டி. அயலட்டைக்குக் கொடுக்க வாங்கியவை.

அந்தச் சிநேகிதி வாய் திறப்பதே இல்லை. நாலு நாளும் மாமா பகிடி பண்ணினார். "குணேஸ், இந்தப் பிள்ளை நாக்கை வீட்டில வைச்சுப் பூட்டிப்போட்டோ வந்தது?"

குளம் பார்க்கக் காரை நிறுத்தினார்கள். இறங்கி, காற்று வாங்கி, திரும்ப ஏறினார்கள். அப்போது கண்ணாடியருகே ஒரு பெண். தோளில் துணி சுற்றிய பிள்ளை.

"மூண்டு நாளாக் காய்ச்சல், ஐயா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லீட்டினம். கடைசி பஸ்ஸும் போயிட்டுது."

மாமா பின்னால் திரும்பினார். "என்ன பிள்ளையள், இடம் காணுமோ?"

அந்தப் பெண் சட்டிகளைப் பார்த்தாள். "நான் மடியில வைச்சிருப்பன், தங்கச்சி. பிள்ளையோட சேர்த்துப் பிடிப்பன். சிந்தாது."

அப்போதுதான் அந்தச் சிநேகிதி வாய் திறந்தாள். "ஏலாது மாமா. சட்டி உடைஞ்சுபோம்."

மாமா ஒரு கணம் பார்த்தார். பிறகு காரை எடுத்தார்.

"ஆரடி அந்தச் சண்டாளி?" என்கிறாய், றம்லா. அதுவும் சரிதான்...

நான்தான்.

கார் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். குளக்கட்டில் ஒருவரும் இல்லை. ஒளிந்து நிற்க மரமும் இல்லை.

தம்பலகாமச் சந்தி தாண்டியபின் இரு பக்கமும் காடு. வேப்பிலை மணம் வந்தது. அதோடு, காய்ச்சல்காரப் பிள்ளையின் வாயில் வருமே, அந்தப் புளித்த மணம். தயிர்தான் என்று நினைத்தேன். பிறகு மூச்சு. சின்ன மூச்சு. சட்டிப் பக்கமிருந்து... வேகமாக.

குணேஸ்வரி தன் பக்கக் கதவில் சாய்ந்து நித்திரை. கைக்கடிகார முள் இருட்டில் மினுங்கும். எண்ணினேன். நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு.

"ஆர் அங்க மூச்சு வாங்கிறது?" என்றார் மாமா, திரும்பாமல்.

காரைத் திருப்புங்கள் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமா வேகத்தைக் கூட்டினார்.

அன்றிரவு அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். சட்டிகளை இறக்கும்போது ஐந்து குளிர்ந்திருந்தன. மண்சட்டி வியர்க்கும், குளிரும். பௌதிகம் படித்தவளுக்குத் தெரியாதா. ஆறாவது சுட்டது.

"வெயில் பட்டிருக்கும்," என்றா மாமி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாரும் படுத்தபின், சட்டிகளை வைத்திருந்த குசினிக்குப் போனேன். அலுமாரியில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இருந்தது. சட்டியின் வயிற்றோடு வைத்து அழுத்தினேன். நூற்றிமூன்று.

வேறென்ன செய்வது? துணியை நனைத்துச் சட்டியில் சுற்றினேன். மடியில் வைத்துக்கொண்டேன். துணி காயக் காய நனைத்தேன். மூச்சு என் வயிற்றில் பட்டது. அறுபது... அறுபத்தெட்டு... மூன்று மணிக்கு நூற்றிநாலரை. "ஏறுங்கோ அக்கா, இடமிருக்கு," என்று சொல்லிப் பார்த்தேன். குசினியில் எனக்கே கேட்காத குரலில்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மூச்சு நின்றது. சட்டி குளிர்ந்தது. மெல்ல மெல்ல இல்லை. ஒரேயடியாக.

விடிந்ததும் அதைத் திறக்காமல் கொண்டுபோய் முருங்கைக்குக் கீழே கிடங்கு வெட்டித் தாட்டேன். மற்ற ஐந்தையும் அயலுக்குக் கொடுத்தோம். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்ல தயிர் பிள்ளை," என்றார்கள்.

பெரியாஸ்பத்திரி அங்கிருந்து கால்மைல். விசாரிக்க நாங்கள் போகவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

வெப்பமானியை மாமி திருப்பிக் கேட்கவில்லை. இந்தா, இதுதான். இதில் ஏறிய சூடு தானாக இறங்காது, உதறினால்தான் இறங்கும். ஏழு வருஷமாகிறது.

விளக்குக்குக் கிட்டப் பிடிச்சுப் பார், றம்லா. நூற்றிநாலரை...

கவனம். உதறிப்போடாதை.