முள் ஏறிய அறை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார் செய்வது என் வேலை. வெறும் டின் ஆக்சைடு பூச்சு மந்தமானது. அதன்மேல் பல்லேடியம் என்ற உலோகத்தைப் பொடியிலும் பொடியாகத் தூவ வேண்டும். துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்தால்தான் பலன். அது எனக்குக் கைவந்த வேலை. நான் செய்த சென்சாருக்குச் சின்ன வாடைக்கே மூக்கில் வேர்த்துவிடும்.

அதில் ஒன்றை, வாடையின் அளவை முள் காட்டும் மீட்டரோடு எங்கள் படுக்கையறை அலமாரியில் வைத்தேன். எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்த பெயிண்டர்மேல் எனக்குச் சந்தேகம். அவன்மேல் எப்போதும் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாடை. என் மனைவி படிக்கட்டில் நின்று அவனோடு சிரித்துப் பேசுவாள். நான் வேலையிலிருந்து வந்து குனிந்து பார்க்கும்போதெல்லாம் முள் ஏறியது.

கேட்டேன். அவள் மழுப்பவில்லை.

“சென்சார் தகடு தொடைக்கிற ஸ்பிரிட்லதானே நாள் பூரா உங்க கை ஊறுது? நீங்க குனிஞ்சாதாங்க முள் ஏறுது. மத்த நேரம் சும்மாதான் கெடக்கு.”

என் காதிலேயே பூச்சுற்றுகிறாள். தப்புச் செய்யாதவளுக்கு மற்ற நேரம் அந்த முள்மேல் என்ன கண்?

பெயிண்டர் ஒருநாள், “அண்ணே, சிலிண்டர்னாலே பயமா இருக்கு. எனக்கும் ஒரு அலாரம் போட்டுக் குடுங்களேன்” என்றான். போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்முன் அதை உலையில் அளவுக்கு மீறிச் சுட்டேன். துகள்கள் கூடிக் கட்டிதட்டின, அதன் மூக்கு செத்தது. இன்று காலை அவன் தூங்கும்போது மாற்றுச் சாவியால் திறந்து, அடுப்புக் குழாயைத் தளர்த்திவிட்டு வேலைக்குப் போனேன்.

வாடை வந்ததும் என் மனைவி அவனை எழுப்ப மேலே ஓடி, அழைப்பு மணியை அழுத்தினாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நிறைந்திருந்த வாயு வெடிக்க அந்தப் பொறி போதும். அவளும் போவாள் என்று நான் நினைக்கவில்லை. துக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றுமே இல்லாத ஆளுக்காக எவளாவது அப்படி ஓடுவாளா, சார்? அதோடு என் சந்தேகம் தீர்ந்தது.

என்னைத் தொழிற்சாலையிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள், கைகூடக் கழுவவில்லை. அலமாரியில் இருந்த சென்சாரையும் எடுத்து வந்து மேசையில் ஓடவிட்டிருக்கிறீர்கள். இப்போது டீ டம்ளரை வைக்கக் கையை நீட்டினேன், முள் ஏறியது.

எதிரில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒன்று கேட்கலாமா, சார்? நான் இல்லாத நேரத்தில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததுண்டா?