சக்களத்தித் தொட்டி

தாராளமா தூக்கிட்டுப் போங்க டீச்சர். காலைல நாந்தானே கீழ இறங்கி வந்து எடுத்துக்கங்கன்னு சொன்னேன். ஒழிஞ்சாச் சரி. என்ன, உங்க வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இந்த மொட்டெல்லாம் கொட்டிடும். மொட்டு வச்ச நேரத்துல இடம் மாத்தினா இந்த மெழுகுப்பூக் கொடிக்கு ஆகாது. மகாராணி.

சக்களத்தின்னுதான் நான் சொல்றது. சிரிக்காதீங்க. பஸ்ல நாளெல்லாம் டிக்கெட் டிக்கெட்டுன்னு கத்திட்டு இருந்த எங்க வீட்டு மனுஷன், வீட்டுக்குள்ள வந்தா வாயில பூட்டு. ஆனா நேரா ஜன்னலுக்குப் போவாரு. இலை இலையாத் தொடைப்பாரு. எதுல? என் சேலையில. நைஞ்ச சேலைதான், இருந்தாலும் என் சேலை இல்லையா?

பெரிய தொட்டியா? மாத்திடாதீங்க. வேரு நெருக்கிக்கிட்டு இருந்தாத்தான் பூக்குமாம். இந்த ஒத்த ரூமு போதலையேன்னு நான் அழுதா, அதுக்கும் அதே பதில்தான். நெருக்கம் நல்லதாம்.

தண்ணியா? மண்ணு காஞ்சப்புறம் ஊத்துங்க. அய்யோ, அந்த மொட்டைக் காம்பைக் கிள்ளாதீங்க. பூ உதிர்ந்துட்டா காஞ்சதுன்னு நெனச்சு எல்லாரும் கிள்ளிடறாங்க. மறுபடியும் அதே காம்புலதான் பூக்கும். புதுசாத் தேடாது. எனக்கு எப்படித் தெரியுமா? அவரு அதுகிட்ட பேசுறதைக் காதுல வாங்கிட்டே சமைச்சவதானே நான்.

என்னைக் கூப்பிடணும்னா இந்தான்னுவாரு. இல்லாட்டி ஒரு இருமல். அதைக் கூப்பிடறது மட்டும் கண்ணுன்னு. என்ன கண்ணு, வெயில் சுடுதா கண்ணு. வயிறு எரியுமா எரியாதா, சொல்லுங்க.

உள்ளதான் படுத்திருக்காரு. அப்படியேதான். வாதம் வந்து விழுந்ததுலேருந்து ஒரு சொல் கெடையாது. அந்த இந்தாவும் போச்சு. கஞ்சி ஊட்டுறேன், புரட்டிப் போடுறேன், வாய் ஓயாம பேசுறேன். பேசுங்க, பேச்சு வரும்னு டாக்டர் சொன்னாரே.

நேத்து பொழுது சாய அந்த மேல் கொத்து விரிஞ்சுது. ரூமெல்லாம் வாசனை. கஞ்சிக் கிண்ணத்தோட குனியுறேன், வாய் கோணிக்கிட்டு, கண்ணுங்கறாரு. ஆமா டீச்சர், பேசினாரு. தெளிவா. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்பவாவது என்னைக் கூப்பிட்டாரேன்னு, தோ இங்கதானே இருக்கேன்னு மூஞ்சிகிட்ட போறேன். மனுஷன் என் தோளுக்கு மேல பாக்குறாரு. திரும்பினா, ஜன்னல்.

அதான் காலைல ஓடி வந்து உங்களை எடுத்துக்கச் சொன்னேன். ராத்திரியெல்லாம் அதே எரிச்சல்.

கொஞ்சம் நில்லுங்க. இறக்கி வைங்க. மன்னிச்சுக்கங்க, பூத்து முடியட்டும், ஒரு கிளை ஒடிச்சு வேர் விடவச்சுத் தர்றேன். அப்படி வைக்காதீங்க, அந்தப் பக்கம் வெளிச்சத்தைப் பாத்தாப்பல. ஆங். இன்னும் ஒரு கொத்து விரியணும்ல.

நானும் இந்த ஸ்டூலை இழுத்து அது பக்கத்துலயே உக்காந்துக்கறேன். அடுத்த தடவை கண்ணுன்னு சொன்னா, யாரைக் கூப்பிட்டாருன்னு யாரு கண்டா.