தமிழ்ப் பரீட்சைக்குப் போன காலை

"குப்புறப் படுங்கோ!"

அப்பா கத்துகிறார். ஆமி ஹெலிகொப்டர் பனைகளுக்கு மேலே வந்துவிட்டது. நான் முற்றத்தில் நிற்கிறேன். தங்கை வாணி என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். மண்ணில் வெட்டிய பங்கருக்குப் பத்தடி. உள்ளே விழுகிறோம். டப். டப். டப். டப். பிறகு சத்தமில்லை. வாயெல்லாம் மண்.

அது 1987, யாழ்ப்பாணம். அந்தக் கிழமையே என்னை வெளியே அனுப்புவதென்று வீட்டில் முடிவெடுத்தார்கள். ஒருத்திக்குத்தான் வழி கிடைத்தது. எனக்குப் பதினைந்து. வாணிக்குப் பதினொன்று. "அக்கா, போய் என்னையும் கூப்பிடு" என்றாள். ஓம் என்றேன்.

1990 ஜூன். லண்டன், டூட்டிங். அம்மாவின் தம்பி வீட்டில் இருக்கிறேன். ஊரில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. கடிதம் இல்லை. டெலிபோன் போகாது. எனக்கு ஏ லெவல். மூன்று பாடம் தேறினால்தான் யூனிவர்சிட்டி. மூன்றாவது பாடம் தமிழ். அதைத்தான் சுலபம் என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு நாற்பது. டெலிபோன் அடிக்கிறது. மாமா எடுக்கிறார். "ஓம்." பிறகு நெடுநேரம் பேச்சில்லை. "ஓம்." வைத்துவிட்டார்.

"ஆர் மாமா?"

"ராங் நம்பர், பிள்ளை. நீ வெளிக்கிடு."

ராங் நம்பரை யாரும் அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. மாமி குசினியில் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றார். திரும்பவில்லை. மாமாவுக்கு ஏழு மணிக்கு பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட். போகவில்லை. "நானே கொண்டுபோய் விடுறன்" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் காரை விட்டு இறங்கினேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என்னால் எழுத முடியாது. அது எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

ஒன்பதரை. பெரிய மண்டபம். தமிழ் எழுத நான் ஒருத்திதான். மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இரண்டாவது கேள்வி: வெளிநாட்டுக்கு வரவிருக்கும் உறவினர் ஒருவருக்கு, நீர் வாழும் நகரத்தை விவரித்துக் கடிதம் எழுதுக.

அன்புள்ள வாணி, என்று தொடங்கினேன். வேறு பெயர் வரவில்லை. நிலத்துக்கு அடியில் ஓடும் ரயிலைப் பற்றி எழுதினேன். தடித்த சுவெட்டர் வேண்டும் என்று எழுதினேன். மாமியின் புட்டு அம்மாவின் புட்டு மாதிரி இல்லை, ஆனால் சொல்லிவிடாதே என்றும் எழுதினேன்.

பத்து மணி பன்னிரண்டு நிமிடம். கூரைக்கு மேலே ஹெலி. மேசைக்குக் கீழே கிடக்கிறேன். "படு! வாணி, படு!" கத்தியது நான்தான். அந்தப் பெண்மணி என்னருகே தரையில் மண்டியிட்டார். அது பொலிஸ் ஹெலி என்றார். நிறுத்துவோமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். உருண்டுபோன பேனாவை எடுத்துத் தந்தார். விட்ட இடத்திலிருந்து எழுதினேன். உயிரோடு இருப்பவளுக்குத்தான் எழுதுகிறேன் என்று ஒவ்வொரு வரிக்கும் எனக்கே சொல்லிக்கொண்டேன். நான்கு பக்கம். கெதியில் வா, என்று முடித்தேன்.

பன்னிரண்டரை. வாசலில் மாமா. பக்கத்தில் மாமி. மாமி ஒருநாளும் அங்கே வந்ததில்லை.

"எழுதி முடிச்சிட்டியோ, பிள்ளை?"

"ஓம். இப்ப சொல்லுங்கோ. ஆர்?"

மாமிதான் சொன்னார்.

"குண்டு பங்கருக்கு மேலயே விழுந்திட்டுதாம். அம்மாவும் வாணியும். அப்பா வேலைக்குப் போயிருந்தவர்."

காலையில் வந்த அழைப்பு கொழும்பிலிருந்து; அங்கே செய்தி வந்து சேரவே நான்கு நாள் ஆகியிருந்தது. நான் அன்புள்ள வாணி என்று எழுதியபோது அவளை எரித்தாகிவிட்டது.

தமிழ் தேறினேன். யூனிவர்சிட்டிக்குப் போனேன். மாமா சொன்ன பொய்யை ஒருநாளும் குறை சொன்னதில்லை. என்னைத்தான் கேட்கிறேன். அவ்வளவும் விளங்கியபிறகு எப்படி எழுதினாய்?

போனவர்களை எழுதி வைக்கிறேன். அம்மா, நாற்பத்திரண்டு வயது. வாணி, பதினான்கு. எங்கள் பங்கருக்குள் ஓடிவந்த பக்கத்து வீட்டு மணி அக்கா, இருபத்தாறு. அவருடைய பெண் குழந்தை, பத்தொன்பது நாள். முப்பத்தோராம் நாளில் பெயர் வைப்பதாக இருந்தார்கள்.

நான்கு பேர். மூன்று பெயர்கள்.