ரூம் சார்ட்டு எங்க போச்சு?

…காணோம்னா காணோம் சார்! நான் இன்னா பொய்யா சொல்றேன்? நேத்து சாயங்காலம் இதே ரிசப்ஷன் மெஷின்ல, என் கையால அடிச்சு சேவ் பண்ண ரூம் சார்ட்டு. இன்னிக்கு வந்து பாத்தா தொடச்சு வெச்ச மாரி கீது. பரணி சார், நீ படிச்சவன், சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிலேர்ந்து வண்டி எடுத்துகினு வந்துகிற, ஒத்துக்கறேன். ஆனா ஓட்டல்ல ஆளுக்கொரு பேரு, ஆளுக்கொரு பாஸ்வேர்டுன்னு நீ மாத்திட்டுப் போனதுலேர்ந்தே பேஜாரு சார்!

முன்னல்லாம் ஃப்ளாப்பில போட்டு கையில குடுத்துடுவோம். இப்போ எல்லாம் மாடில கீற அந்தப் பெரிய பொட்டிக்கு, அதான் சார் சர்வரு, அதுக்குப் போவுது. வாங்கி வெச்சுக்குது, திருப்பித் தர மாட்டேங்குது.

வேடந்தாங்கல்ல பறவை பாக்கற பார்ட்டி, ரெண்டு பஸ்ஸு, மத்தியானம் எறங்கிடும். யாருக்கு எந்த ரூமு, யாரால மாடி ஏற முடியாது… ஒண்ணும் தெரியல. மேனேஜர் நரசிம்மன் சார் இன்னா சொன்னாரு தெரியுமா? 'ஞானதாஸு, சார்ட்டு கெடைக்கல, நாளைலேர்ந்து ரிசப்ஷன்ல வேற ஆளு'ன்னுட்டாரு. இந்த டையக் கட்டறதுக்கு முன்ன எவ்ளோ வருஷம் லாண்டிரில துணி மடிச்சேன்!

எனக்கு மட்டுமா? ஹவுஸ்கீப்பிங் மார்கரெட் அக்காவோட பெட்ஷீட் கணக்கு காணோம். கிச்சன்ல வரதன் அண்ணாத்தவோட மெனு காணோம். அந்தாளு கோவத்துல நாஸ்தாவுக்கு எல்லாருக்கும் உப்புமா போட்டுட்டாரு. வெள்ளக்காரன் ஒருத்தன் அதையும் போட்டோ எடுத்துகினு போறான்…

இன்னா சொல்லிகினு இருந்தேன்? ஆங். போன மாசம் லீவு போட்டு வேளாங்கண்ணி போனேனே, அன்னிக்கும் இதே கத. போன் மேல போனு. திரும்பி வந்து மெஷின்ல கைய வெச்சேன், எல்லாம் வந்துடுச்சு! மெய்யாலுமே சார், அந்தப் பொட்டிக்கு என் மேல ஒரு பாசம்.

இன்னிக்கு மட்டும் நான் வர்ற பஸ்ஸு பூஞ்சேரிகிட்ட மக்கர் பண்ணி லேட்டாயிடுச்சு. அதுக்குள்ள அவங்கவங்க பேரப் போட்டு அவங்களே மெஷினத் தொறந்துகினாங்க. இந்த ரிசப்ஷன் மெஷின அக்கா தொறந்துச்சாம். இல்லாட்டி நான்தான் சார் மொத ஆளு. நாலு மெஷினயும் தொடைப்பேன், நாலுலயும் என் பேரு, என் பாஸ்வேர்டு போட்டு ரெடியா வெச்சிடுவேன். அக்காவுக்கு பாஸ்வேர்டு மனசுல நிக்காது, அண்ணாத்த கையில எப்பவும் மாவு. பாவம், வந்தமா, ஒக்காந்தமா, அடிச்சமான்னு இருக்கட்டுமேன்னு…

இன்னா சார் அப்படிப் பாக்கற?

நவுரணுமா? நவுந்துட்டேன். அக்கா பேர எடுத்துட்டு என் பேரா? இரு, அடிக்கறேன்… அட, தோ கீது சார்ட்டு! மெனுவும் கீது! பெட்ஷீட்டும்… இன்னா சார், மொத்தமும் எம்பேர்ல கீது? எம்பேர்ல தொறந்த மெஷின்ல யாரு அடிச்சாலும் எம்பேர்லதான் போயி ஒக்காருமா? அப்போ பொட்டி முழுங்கல? நான்தான்…

உஷ்ஷ்… அக்கா வருது.

அக்கா, கெடச்சிடுச்சுக்கா! மேனேஜர்கிட்ட சொல்லிடு! எங்க இருந்துச்சா? அது பெரிய டெக்னிக்கலு, உனக்குப் புரியாது, போ.

சிரிக்காத சார். இப்போ இன்னா அடிக்கற? இனிமே எம்பேர்ல ஒரு மெஷினுதான் தொறக்குமா? மீதி மூணும் அவங்கவங்களே தொறந்துக்கணுமா?… சரி சார். நல்லதுதான். நல்லதுதான்…

ஆனா சார், காலைல உள்ள வந்ததும் அக்கா, 'எனக்கு ரெடி பண்ணிட்டியா ராசா'ன்னு கேக்கும். அதுக்கோசரம்தான் சார் நான் அந்த மொத பஸ்ஸையே புடிக்கறேன்.