பதினொரு இடம், ஆளுக்கு எட்டுப் பவுண்

"படுங்கோ! படுங்கோ!"

விழுகிறோம். வாய்க்குள் மணல். தூரத்தில் 'டொம்' என்று ஒரு சத்தம். பத்து எண்ணுவதற்குள் வெடிக்கும். ஏழில் வெடிக்கிறது. எழும்பி ஓடுகிறோம். 2009 ஏப்ரல். முள்ளிவாய்க்கால் கரை. காலை ஆறு மணி. எதிரே ஒரு படகு. பதினொரு பேர் ஏறலாம். நாங்கள் நாற்பது பேர்.

முந்தின நாள் பின்னேரமே இதற்கு வழி செய்திருந்தோம். செய்தவன் நான். கிளிநொச்சியில் பத்து வருடம் குலுக்கல் சீட்டு நடத்தியவன். நீதி பற்றி நிறைய வாசித்தவன். வாசித்த எதிலும் படகு வரவில்லை. பெயர்களைத் துண்டில் எழுதிப் பால்மா டின்னில் போட்டுக் குலுக்கினேன். சின்னப் பிள்ளைகளுக்குத் துண்டு இல்லை, தாயோடு சேர்த்தி. சீட்டு வழக்கப்படி ஒரு பிள்ளை எடுத்தது. எங்களோடு இருந்த தவமணி என்கிற பெண்ணின் மகள். நான் வாசித்தேன். தவமணியின் பெயர் விழுந்தது. என் பெயர் விழவில்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். குலுக்கல் காயக்காரரைப் பார்க்காது. எவர் கழுத்தையும் பார்க்காது.

படகுக்காரர் கழுத்தைப் பார்த்தார்.

"சீட்டை விடுங்கோ! பவுண் வைச்சிருக்கிறவை ஏறுங்கோ! ஆளுக்கு எட்டு!"

மாசியில் செத்த என் மனைவியின் நகை, நான் கட்டியிருந்த சாரத்து மடிப்பில். மறுக்க இரண்டு நிமிடம் இருந்தது. எனக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. சட்டம் எழுதியவனே முதலில் ஏறினான்.

தவமணி இடுப்பளவு தண்ணீரில். மகள் தோளில்.

"அண்ணை! என்ரை பேர் விழுந்தது! நீங்கள்தானே வாசிச்சனீங்கள்!"

ஷெல் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த நேரம் ஷெல் அடிக்கவில்லை. படகு ஆழத்துக்குப் போன பிறகுதான் அடித்தார்கள். கரைக்கு.

லா சப்பல், பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆக்களின் கடைத்தெரு. பல வருடம் கழித்து ஒரு ஞாயிறு. பலசரக்குக் கடையின் பின்னறை. புதுச் சீட்டு தொடங்குகிறார்கள். குலுக்கலா, ஏலமா?

"ஏலம்தான் நியாயம்," என்கிறார் கடைக்கார அண்ணை. "தேவை கூடினவன் கூடக் கேப்பான்."

எல்லாரும் தலையாட்டுகிறார்கள். மேசையில் குத்துகிறேன்.

"தேவைக்கு விலை சொல்லத் தெரியாது அண்ணை! கையில கிடக்கிறதுதான் சொல்லும்!"

"நீர் என்ன நீதவானோ? தேத்தண்ணியைக் குடியும்."

எனக்கு அவரில் கோபம். என்னில் அதைவிட. குடிக்கிறேன்.

கொடுத்த பவுண் எட்டு. அதை இந்தத் தெரு நகைக்கடைகளில் ஒரு மத்தியானத்தில் திரும்ப வாங்கலாம். ஏறியவர்கள் பதினொன்று. அதில் பெயர் விழுந்தவர்கள் மூன்று. பெயர் விழுந்தும் கரையில் நின்றவர்கள் எட்டு. பிறகு, தப்பி வந்தவர்களை அடைத்து வைத்த முகாமில் ஒவ்வொருவராக விசாரித்தேன். உயிரோடு ஐந்து. செத்தவர்கள் மூன்று, தவமணியோடு. துண்டு எழுதாததால் இந்தக் கணக்கில் வராத மகள் ஒன்று. ஐந்து வயது. பெயர் நான் கேட்கவில்லை.