ஏலத்துக்கு வந்த தகரப் படகு

— காசு வந்துடுச்சு, க்ளைவ்.

— என்ன காசு, லின்?

— படகுக் காசுய்யா. ஜேரட் படகு. முழுசா வந்துடுச்சு. இந்தா பாரு.

— என் கண்ணாடியை எங்க வெச்சேன்னு தெரியல. நீயே படி.

— "உங்கள் படகு விற்றுவிட்டது. வாங்கியவர் முழுத் தொகையும் செலுத்திவிட்டார். இன்று பதினோரு மணிக்கு டிரெயிலருடன் வந்து எடுத்துக்கொள்வார்." அவ்வளவுதான் போட்டிருக்கு.

— இன்னிக்கா?

— இன்னிக்கேதான். தளத்துல 'வாங்கு'ங்கிற பொத்தானை அமுக்கின கையோட காசைப் போட்டுட்டான். பேரம் பேசல, ஒண்ணும் பண்ணல.

— வந்து பாக்கக்கூட இல்லையே, லின். அடியில ஓட்டை இருக்கா, மோட்டார் ஓடுதா, ஒரு வார்த்தை கேக்கலையே?

— கேக்கல.

— ம்.

— என்னய்யா ம்? சந்தோஷப்படு. குளிர் ஆரம்பிச்சதுலேருந்து இதுக்குத்தானே நாயா அலைஞ்சோம். தொலைஞ்சுதுன்னு நிம்மதியா இரு.

— சந்தோஷந்தான். யாரு இல்லன்னா?

— சொல்ற மூஞ்சியைப் பாரு. பல்லு புடுங்கப் போறவன் மாதிரி.

— நீ மட்டும் என்ன, சிரிச்சுக்கிட்டா நிக்கிறே? சரி விடு. டீயைப் போடு. வர்றவங்க வர்றப்ப வரட்டும்.

— டீ அப்புறம். முதல்ல அந்தக் களவாணிப் பயலுக்கு ஒரு வழி பண்ணணும்.

— எந்தக் களவாணி?

— எந்தக் களவாணியா? போன மாசம் ஏலத்துல ஜெயிச்சுட்டு ஒத்தைக் காசு குடுக்காம ஓடினானே, 'கடல்காக்கா'ன்னு பேரு வெச்சுக்கிட்டு. அவன்தான். காசு குடுக்காதவங்க மேல புகார் பண்ண இன்னியோட கெடு முடியுது. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்.

— அட, அதான் படகு வித்துப்போச்சே. இனிமே எதுக்கு லின் அது?

— எதுக்கா? நம்மளை ஆட்டி வெச்சான்யா அவன். ஏலத்துல ஆயிரம் ஆயிரமா ஏத்திக்கிட்டே போனான். ஒரு தகரப் படகுக்குப் புதுப் படகு விலை! நான் வாயைப் பொளந்துட்டேன். ஜெயிச்சப்புறம் பாத்தா, ஆளே இல்ல. ஞாபகப்படுத்தினா, உடம்பு சரியில்லன்னான். மறுபடி ஞாபகப்படுத்தினா, மாமனார் செத்துட்டாருன்னான்.

— பாவம், செத்திருப்பாரு.

— செத்திருப்பாரா? அந்த மாமனார் ரெண்டு வாரத்துல ரெண்டு தடவை செத்தாருய்யா! முதல் தடவை மாரடைப்பு, ரெண்டாவது தடவை லாரி. நான் முட்டாளா? இந்தா, இந்தப் பொத்தானை அமுக்கினா அவன் கணக்கையே மூடிடுவாங்க. இனிமே அந்தத் தளத்துல ஒரு ஊசிகூட வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. அமுக்கப் போறேன், சொல்லிட்டேன்.

— இரு, இரு. அப்ப ரெண்டாவது ஆள்? அவன் மேலயும் பண்ணு. அந்த வையாலா ஊர்க்காரன்.

— அவன் எதுக்கு?

— எதுக்கா? காக்கா ஓடிட்டான்னு, அவனுக்கு அடுத்து கேட்டவனுக்கே படகுன்னு வையாலாக்காரன்கிட்டத்தானே போனோம்? எடுத்துக்கிறேன், எடுத்துக்கிறேன்னு தலையை ஆட்டிட்டு அவனும்தானே பட்டை நாமம் போட்டான்? அவன் மட்டும் என்ன புண்ணியவானா?

— அவன் கதை வேற. டிரெயிலர் அச்சு ஒடிஞ்சுபோச்சுன்னு மரியாதையா சொன்னான். அந்த ரோட்டுல அச்சு ஒடியாம என்ன செய்யும்?

— இவன் மாமனார் செத்தா பொய்யி, அவன் அச்சு ஒடிஞ்சா நெசமா? நல்லா இருக்கே நியாயம்!

— க்ளைவ், நீ ஏன் இந்தக் காக்காவுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுறே?

— நீ ஏன் வையாலாக்காரனுக்குப் பேசுறே?

— நான் பேசல. நான் அமுக்கப் போறேன். தள்ளு கையை.

— வேணாம் லின்.

— தள்ளுய்யா.

— லின், வேணாம். அது ஐரீனியோட கணக்கு.

— எந்த ஐரீனி?

— என் கூட்டாளி ஸ்டாவ்ரோஸோட மருமக. அவ கம்பளித் தொப்பி பின்னி அதுலதான் விக்கிறா. கணக்கை மூடிட்டா அந்தப் பொண்ணு பொழப்பு போயிடும்.

— ஐரீனிக்கு எதுக்குய்யா படகு? அவ தண்ணியைப் பாத்தாலே வாந்தி எடுப்பாளே.

— அவளுக்கு இல்ல.

— பின்ன?

— எனக்குத்தான்.

— என்ன சொன்னே?

— நான்தான் அவளைக் கேக்கச் சொன்னேன். காக்கா நான்தான், லின்.

— உக்காரு. இல்ல, நான் உக்கார்றேன். அந்த நாற்காலியைத் தள்ளு. என் படகை நீ ஏலம் கேட்டியா?

— நம்ம படகு.

— நம்ம படகை, நாம விக்கிற படகை, நீயே ஏலம் கேட்டியா? இந்த வீட்டுலயே, இந்தக் கூரைக்குக் கீழயே இருந்துக்கிட்டு?

— ஷெட்டுல இருந்தேன். ஐரீனியோட போன்ல பேசிக்கிட்டே.

— மோட்டாருக்கு எண்ணெய் போடுறேன்னுட்டுப் போனியே, அப்பவா!

— அப்பதான்.

— அந்த மாமனார்?

— அது ஸ்டாவ்ரோஸ்தான், ஆளு நல்லாத்தான் இருக்கான். முதல் தடவை சாகடிச்சது நான். ரெண்டாவது தடவை ஐரீனி. என்கிட்டக் கேக்காம பண்ணிட்டா.

— க்ளைவ். அந்த மாமனாருக்கு நான் இரங்கல் எழுதினேன்.

— தெரியும்.

— முதல் தடவை நெசம்னு நம்பிட்டேன்யா. சாவுன்னா என்னன்னு எங்களுக்கும் தெரியும், எங்க பையன் ஜேரட்டும் போயிட்டான், காசுக்கு அவசரமில்ல, நல்லபடியா காரியத்தை முடிச்சுட்டு வாங்கன்னு, அவன் யாரு என்னன்னே தெரியாம உக்காந்து எழுதினேன்யா நான்!

— ஐரீனி படிச்சுக் காட்டினா. கேட்டுட்டுப் படகுத்துறைக்குப் போயிட்டேன். இருட்டுற வரைக்கும் வீட்டுக்கு வர முடியல. உன் மூஞ்சியைப் பாக்க முடியல, லின்.

— உன்னை என்ன பண்றது? நெசமாவே கேக்குறேன், உன்னை என்ன பண்றது? வித்துடலாமான்னு நான் கேட்டப்ப, அடுத்த நொடியே வித்துடலாம்னு சொன்ன ஆளு நீ. எனக்கு நெஞ்சுல குத்தின மாதிரி இருந்துச்சு. பெத்த பையன் படகு, ஒரு நிமிஷம் யோசிக்கிறானா பாருன்னு அன்னிக்குப் பூரா உன்னோட பேசல நான்.

— யோசிச்சா நீ மனசு மாறிடுவேன்னு நெனச்சேன். பாத்திரம் கழுவுற இடத்துலேருந்து பாத்தா அந்தப் படகுதானே தெரியுது? குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவே. தண்ணி சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனைப்பு உனக்கு. அது கண்ணுல படாம இருந்தா தேறிடுவேன்னு நெனச்சேன். உனக்காகத்தான் வித்துடலாம்னேன். ஏலம் ஆரம்பிச்சு, எவனோ விலை கேக்க ஆரம்பிச்சதும் ஐரீனிக்குப் போன் போட்டேன். ஜேரட் பச்சைப் பெயின்ட் அடிச்ச பலகையில வேற எவனாவது குந்தப் போறான்னு நெனச்சுப் பாத்தேன். முடியல. ஏத்துடி, இன்னும் ஏத்துடின்னு ஐரீனிகிட்டக் கத்தினேன். எதிர்ல கேட்ட அந்தப் பாவியும் விடல. எவன்னு தெரிஞ்சிருந்தா நேர்ல போய்க் கழுத்தை நெரிச்சிருப்பேன்.

— நெரி.

— என்ன?

— கழுத்தை நெரி. இந்தா, இங்கதான் இருக்கு.

— லின்?

— அந்த வையாலாக்காரன் டோனியாவோட தம்பி. என்னோட ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறாளே, அந்த டோனியா. நீ ஷெட்டுல இருந்தப்ப நான் குளிக்கிற ரூம்ல, அவனை ஏத்தச் சொல்லி போன்ல பேசிக்கிட்டு இருந்தேன்.

— இல்ல.

— ஆமா.

— அப்ப அன்னிக்கு ஏத்தினது பூரா...

— நீயும் நானும்தான்யா. வேற எவனும் அந்த விலை குடுக்க நமக்கென்ன கிறுக்கனா கிடைப்பான்? சொந்தப் படகுக்கு நாமளே அடிச்சுக்கிட்டோம். நீ ஒரு ஆயிரம் ஏத்தினதும் நான் சோப்பு டப்பாவைத் தூக்கி அடிச்சேன். கீழ விழுந்துடுச்சுன்னு உன்கிட்டச் சொன்னேன்.

— அப்ப நீ எதுக்குடி வித்துடலாமான்னு கேட்டே? முதல்ல அந்த வார்த்தையை எடுத்தது நீதானே?

— உனக்காகத்தான். வேற யாருக்காக? வேலை முடிஞ்சு வந்தா நேரா அந்தப் படகுல போய் உக்காந்துடுவே. தரையில நிக்கிற படகுல, துடுப்பைக் கையில புடிச்சுக்கிட்டு. கூப்பிட்டாலும் காதுல விழாது. எனக்குப் பயமா இருந்துச்சு, க்ளைவ். பையனை அந்த நெடுஞ்சாலைக்குக் குடுத்தாச்சு, இவனை இந்தப் படகுக்குக் குடுத்துடுவேனோன்னு. அது போயிட்டா நீ வீட்டுக்குள்ள வருவேன்னு நெனச்சேன்.

— அவன் அதுல உக்காந்து பேசிக்கிட்டே இருப்பான், லின். தூண்டில்ல கிழங்கான் மீன் கடிக்கிறது தெரியாமப் பேசுவான். வாயை மூடுடான்னு திட்டுவேன். அந்தச் சத்தம் அங்க உக்காந்தா இன்னும் கேக்குது. வேற எங்கயும் கேக்க மாட்டேங்குது.

— எனக்கு ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமேய்யா.

— நீ சொன்னியா?

— இல்ல.

— அழாத. ஏய், இங்க பாரு. நானும் அழுதுடுவேன்.

— நீ ஏற்கெனவே அழுதுக்கிட்டுத்தான் இருக்கே, லூசு. மூக்கைத் தொடை.

— அது சரி, காசு குடுக்காத பயலுகளை விடக்கூடாதுன்னு அந்தக் குதி குதிச்சியே. ரெண்டாவது தடவை விளம்பரம் போட்டப்ப, ஏலமே வேணாம், ஒரே விலை, அமுக்கினவன் அங்கயே காசு போடணும்னு சட்டம் போட்டது யாரு?

— நீதான்! பழைய கணக்கு உள்ளவங்களைத் தவிர எவனும் கிட்ட வரக்கூடாதுன்னு சேத்ததும் நீதான்.

— நான் சும்மா இருந்தா உனக்குச் சந்தேகம் வராதா? அதான் உன்னைவிட ஒரு பங்கு அதிகமாக் கத்தினேன்.

— நானும் அதுக்குத்தான்யா கத்தினேன்! ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டுக் கதவைப் பூட்டியிருக்கோம்.

— அட மகராசி. நீ பெரிய ஆளுதான். காலையில காசு வந்துடுச்சுன்னியே, எனக்கு உசுரே போயிடுச்சு தெரியுமா? இப்பதான் மூச்சு வருது.

— எனக்கு மட்டும் என்னவாம்? படிக்கும்போது எழுத்தே தெரியல. இப்பல்ல எல்லாம் விளங்குது. பாக்காம கேக்காம ஒரு ஆளு படகுக்குக் காசு போடுதுன்னா, யாரா இருக்கும்?

— கிறுக்கா இருக்கும்.

— நம்ம வீட்டுக் கிறுக்கு.

— ஆமா, நம்ம வீட்டுக் கிறுக்கேதான். அவ்வளவு காசுக்கு எங்க போச்சோ அந்தக் கிறுக்கு, அதை அப்புறம் கேட்டுக்கலாம்.

— கேக்கவே வேணாம். எங்கேருந்து வந்தா என்ன, வீட்டுக் காசு வீட்டுக்கே வந்துடுச்சு. சனிக்கிழமை காத்து இல்லாம இருந்தா படகை இறக்கலாமா? நானும் வர்றேன். நான் அதுல ஏறினதே இல்ல.

— வாந்தி எடுக்க மாட்டியே?

— நான் என்ன ஐரீனியா? எத்தனை கிழங்கான் புடிச்சாலும் நீதான் சுத்தம் பண்ணணும், சொல்லிட்டேன்.

— பண்றேன். தினமும் பண்றேன். நாய் ஏன் குலைக்குது?

— வண்டி சத்தம். மணி பதினொண்ணு ஆச்சே. ஜன்னல் வழியா பாரு, வெள்ளை வண்டி, பின்னால டிரெயிலர் வேற. ஆளு, வண்டின்னு நாடகத்தை முழுசாத்தான் போட்டிருக்கே. போய் உன் ஆளை உள்ள கூப்பிடு. டீ குடிக்கட்டும், கேக் இருக்கு.

— என் ஆளா? உன் ஆளு, நீ கூப்பிடு.

— வெளையாடினது போதும்யா. யாரு அந்தப் பொம்பளை? ஸ்டாவ்ரோஸோட சொந்தமா? நேராப் படகுகிட்டப் போய்க் கயித்தை அவுக்குறா பாரு.

— லின், ஐரீனி இந்தத் தடவை முடியாதுன்னுட்டா. புகார் வந்தா தொப்பி விக்கிறதும் போயிடும்னா. நான் யாரையுமே கேக்கல. டோனியா தம்பிதானே காசு போட்டான்? நீதானே போடச் சொன்னே?

— அவனோடது புதுக் கணக்கு, அவனை உள்ளயே விடலையே, க்ளைவ், நாம போட்ட சட்டத்துல. நீ போட்டேன்னு நெனச்சுத்தான் நான் இவ்வளவு நேரமா சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்.