இருபதுக்கு இருபது

மறுபடியும் வணங்குகிறேன். மன்றத்தை மாண்புறச் செய்யும் தலைமை ஆசிரியை அம்மையார் அவர்களே, முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் மூத்தோரே, பிள்ளையைப் பெற்று, பேணி, போதாக்குறைக்குப் பிள்ளையின் அப்பனையும் பேணும் தாய்மாரே!

இதையெல்லாம் முன்பே ஒருமுறை சொல்லிவிட்டேன், மைக்கைப் போடாமல். நான்கு நிமிடம் கைவீசி முழங்கினேன். நீங்களும் தலையாட்டினீர்கள், புன்னகைத்தீர்கள், ஓரிடத்தில் கைகூடத் தட்டினீர்கள். கடைசியில் என் நாலு வயது மகள் மேடையேறி வந்து, "அப்பா, கேக்கல" என்று பொத்தானை அமுக்கிவிட்டுப் போனாள். இத்தனைக்கும் நான் மோட்டார் மெக்கானிக்.

சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, குழந்தையின் உடல், மன, சமூக வளர்ச்சி. பத்தாம் வகுப்பையே இரண்டு தவணையில் முடித்தவனுக்கு இந்தத் தலைப்பு. தந்தவர்களின் துணிச்சல் வாழ்க.

கழுத்து நிற்கிறது, குப்புறக் கவிழ்கிறது, தவழ்கிறது, தத்துகிறது, தாவுகிறது. யாரைக் கேட்டு வளர்கிறது குழந்தை? உங்களைக் கேட்டா? என்னைக் கேட்டா? ஆனால் அடுத்த வீட்டைக் கேட்டு வளர வேண்டும் என்பது நம் சட்டம். "எங்க பையன் ஒம்பதாம் மாசமே நடந்துட்டான். உங்க பாப்பா இன்னும் உக்காந்துக்கிட்டேதான் இருக்காளா?" என்பார் எங்கள் மாடிவீட்டம்மா. மூன்றாம் வரிசையில் ஒருவர் குனிகிறார். உங்களைச் சொல்லவில்லையம்மா, இது எல்லா மாடியிலும் கேட்கிற வசனம்தான்.

மகளுக்கு ஒன்பது மாதமானபோது சுகாதார நிலையத்தில் ஒரு தாள் தந்தார்கள். இருபது கேள்வி, ஆம், இல்லை என இரண்டு கட்டம். மனைவி ஊசி போடக் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குள் உறங்கிய பழைய மாணவன் எழுந்து பேனாவை எடுத்தான். உட்காருகிறதா? ஆம். எட்டிப் பிடிக்கிறதா? ஆம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா?

பேனா நின்றது. முந்தைய வாரம்தான் மனைவி கேட்டிருந்தாள்: "ஏங்க, கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறாளே?"

"எங்க வம்சத்துல யாரு கூப்பிட்டதும் திரும்பியிருக்கா?" என்று விளக்கம் தந்த மேதை நான்.

ஆம் என்று குறியிட்டேன். வாழ்வில் முதன்முறையாக இருபதுக்கு இருபது.

ஒன்றரை வயதில், அதே சுகாதார நிலையத்தில், நர்ஸின் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு நழுவி விழுந்தது. அத்தனை குழந்தைகளும் அலறின. என் மகள் மட்டும் என் செருப்பு வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் பார்த்துவிட்டார். பரிசோதித்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு.

தெருமுனையில் நின்றே, "இந்த மோட்டார்ல பேரிங் போச்சு" என்று சொல்கிற காது இது. பெற்ற பிள்ளையின் மௌனம் இதில் விழவில்லை. சற்றுமுன் நீங்கள் தந்தீர்களே, அதே தலையாட்டல், அதே புன்னகை. அதைத்தான் அவளும் ஒன்றரை ஆண்டு எனக்குத் தந்தாள். கேட்கிறது என்று நம்பி நானும் முழங்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பழைய தாளைப் புரட்டினார். "இதுல இல்லைன்னு இருந்திருந்தா அப்பவே டெஸ்ட் எடுத்திருப்போம். ஒம்பது மாசம் வீணாப்போச்சு. யாரு டிக் போட்டது?"

"நான்தான் டாக்டர்," என்றாள் என் மனைவி.

நான் அண்ணாந்து பார்த்தேன். "ஃபேன்ல பேரிங் தேஞ்சிருக்கு," என்றேன்.

அன்றிலிருந்து இரண்டரை ஆண்டாக, "ஒரு தாளைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாதா உனக்கு?" என்று என் மனைவியை என் அம்மா முதல் மாடிவீட்டம்மா வரை கேட்டாயிற்று. அவள் மறுக்கவே இல்லை.

மகளுக்கு இப்போது இரண்டு காதிலும் கருவி. பேசுகிறாள், பாடுகிறாள், நான் அறிவுரையைத் தொடங்கினால் கருவியைக் கழற்றிவிடுகிறாள். சமூக வளர்ச்சி வேறென்ன?

அன்பர்களே, 'இல்லை' என்ற கட்டத்தை எதற்காக அச்சடித்தார்கள்? அழகுக்கா? அலங்காரத்துக்கா? நடக்கவில்லையா, இல்லை என்று எழுதுங்கள். பேசவில்லையா, இல்லை என்று எழுதுங்கள். தெரியவில்லையா, தெரியவில்லை என்று தலைநிமிர்ந்து எழுதுங்கள். அது நம் விடைத்தாள் அல்ல, அவர்கள் வாழ்க்கை. சற்றுமுன் இந்த மண்டபத்தில் 'இல்லை' கட்டத்தில் குறியிட்ட ஒரே ஆள் என் மகள்தான்.

அவளுக்கு நன்றி. இரண்டாம் முறையும் தலையாட்டிய உங்களுக்கு நன்றி. கடைசி வரிசையில் கதவோரம் நிற்கும் என் மனைவி உட்பட அனைவருக்கும் வணக்கம்.

ஃபேனைப் பற்றிப் பேசிய வாய் அன்று அந்த அறையில் பேசாமல் விட்டது ஒரே ஒரு வரி:

"டாக்டர், டிக் போட்டது அவ இல்ல. நான்."